வாய்க்கால் வண்டலை வைத்து வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய முடியுமா?

கேட்டவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. கோடையில் தூர்வாரி எடுத்த வண்டல் கரையில் குவியலாகக் கிடக்கிறது. சமையலறை, குளியலறைத் தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் கொல்லையில் தேங்கி நாறுகின்றன. வாய்க்கால் வண்டலைக் கொண்டு கழிவுநீரில் உள்ள கரிம அழுக்கை நீக்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறார். ஒரு தொட்டி நிறைய வண்டலைப் போட்டு அதன் வழியாகத் தண்ணீரை விட்டால் போதுமா, வெளியே வருவதைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாமா என்று கேட்கிறார்.

வண்டலால் முடியும். ஆனால் தொட்டி நிறைய வண்டலைப் போட்டால் சில நாட்களிலேயே அடைத்துக்கொண்டு, அப்புறம் முன்பைவிட மோசமாக நாறும். இந்த வேலைக்கு வண்டல் கொஞ்சம் போதும். அதைச் சுற்றிக் காற்றுதான் நிறைய வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் உங்கள் இடத்துக்கும் கைக்காசுக்கும் ஏற்றபடி நீங்களே மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு, உடம்பழுக்கு, டிடர்ஜென்ட். இதில் பெரும்பகுதி பாக்டீரியா தின்னக்கூடிய பொருள். தின்னும்போது பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்பதில் எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்பதுதான் பிஓடி கணக்கு. நம் நாட்டில் 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்து அளக்கிறார்கள். கழிப்பறைத் தண்ணீர் கலக்காத வீட்டுத் தண்ணீரில் லிட்டருக்கு 100 முதல் 400 மில்லிகிராம் வரை பிஓடி இருப்பது சாதாரணம். சமையலறைத் தண்ணீரை மட்டும் தனியாக எடுத்தால் இன்னும் கூடும். கழிவுநீரைப் பாசனத்துக்காக நிலத்தில் விடுவதற்கு 100, ஆறு குளத்தில் விடுவதற்கு 30 என்று இந்தியாவின் பொது விதிமுறை வரம்பு வைத்திருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாலு பேர் இருக்கும் வீட்டில் நாளொன்றுக்கு 200 லிட்டர் தண்ணீர் வெளியேறுகிறது, அதில் பிஓடி லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 200 லிட்டரிலும் சேர்த்து ஒன்றரை கிராம். தேவையில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. தேங்கிய தண்ணீர் நாறுவதன் காரணம் முழுக்க இதுதான். இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா தலையெடுக்கிறது. அது தண்ணீரில் இருக்கும் சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது.

ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நமக்கு வேண்டிய 50 கிராமும் 200 லிட்டருக்கும் குறைவான காற்றிலேயே கிடைத்துவிடும். அதைத் தண்ணீருக்குள் இருக்கும் பாக்டீரியாவிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதுதான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் பாதிக் கதை. தண்ணீருக்குள் ஆக்சிஜன் ஊர்ந்து பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீரில் ஊறிய வண்டலுக்குள் அது அதைவிடவும் மெதுவாகப் போகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவதெல்லாம் தானாகவே புரியும்.

சரி, வண்டலுக்கு வருவோம். அதில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு 1877லேயே ஒரு நல்ல பதில் கிடைத்தது. ஷ்லோசிங், மியூண்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புத் தூளையும் நிரப்பிச் சாக்கடைத் தண்ணீரை மிக மெதுவாக விட்டார்கள். மேலே விட்ட தண்ணீர் கீழே வந்துசேர 8 நாள் ஆகும் அளவுக்கு மெதுவாக. முதல் 20 நாள் அம்மோனியாவில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. வேதியியல் வினை மட்டும்தான் காரணம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமே, எதற்கு 20 நாள் காத்திருப்பு? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றது. ஆவியை வெளியேற்றிய பிறகும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. கடைசியில் கொஞ்சம் தோட்டத்து மண்ணைக் கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள். மறுபடி நைட்ரேட் வந்தது. சுத்தம் செய்வது உயிருள்ள ஒன்று, அது மண்ணில் இருக்கிறது, ஒரு கைப்பிடி மண்ணைக் கழுவி ஊற்றினாலே புது இடத்துக்குக் குடிபெயரும் என்று அதிலிருந்து தெரிந்தது.

1913ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் செய்த வேலை இதன் அடுத்த கட்டம். பாட்டிலில் சாக்கடைத் தண்ணீரை ஊற்றிக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முழுமையாகத் தெளிய ஐந்து வாரம் ஆனது. அதற்கு முன்பும் பலர் இப்படிக் காற்றூதிப் பார்த்தவர்கள்தான். தெளிந்ததும் பாட்டிலைக் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இவர்கள் தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் புதுச் சாக்கடைத் தண்ணீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் சேறு கூடியது, தெளிகிற நேரம் குறைந்தது. கடைசியில் ஒரே நாளுக்குள் முடிந்தது. 1914ல் இதை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க நகரங்களில் ஓடும் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை இந்த முறையின் வாரிசுகள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இந்தத் துறைக்கு ஆரம்பத்திலேயே நல்ல ஆசான் ஒருவர் கிடைத்தார்.

ஆக, வாய்க்கால் வண்டலின் முதல் வேலை பாலுக்கு உறைமோர் செய்கிற வேலைதான். உறைமோரைக் குடம் குடமாக ஊற்றுவதில்லை. வருஷக்கணக்காக ஊரின் தண்ணீரையும் அழுக்கையும் பார்த்துப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் அந்த வண்டலில் இருக்கிறது. சோப்பைத் தின்பது, மாவுச்சத்தைத் தின்பது, எண்ணெயை உடைப்பது, அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புவது என்று வகைவகையாக. ஆற்று மணலிலும் காலப்போக்கில் இவை எல்லாம் வந்துசேரும்தான். வண்டலைச் சேர்த்தால் அந்தக் காத்திருப்பு குறையும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீர் நிற்கும் வாய்க்காலில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து அழுத்தி, சேற்றை அலுங்காமல் எடுத்துக் கத்தியால் செங்குத்தாக வெட்டுங்கள். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு அல்லது செம்மண் நிறம். அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே கறுப்பு. பழுப்பு என்பது ஆக்சிஜன் எட்டிய இடம், அங்கே இரும்பு துருவாக இருக்கிறது. கறுப்பு என்பது இரும்பும் சல்பைடும் சேர்ந்த பொருள், ஆக்சிஜன் எட்டவே எட்டாத இடம். வெட்டிய துண்டை அப்படியே காற்றில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால், வெட்டுவாயில் இருந்த கறுப்பு மெல்ல வெளுத்துப் பழுப்பாகியிருக்கும். ஆழமான வண்டல் தொட்டி ஏன் தோற்கும் என்று அந்தத் துண்டே காட்டிவிடும். மேலே இருக்கும் அந்த மெல்லிய பழுப்புப் படலம்தான் வேகமாக உழைக்கிறது. அரை மீட்டர் ஆழத்துக்கு வண்டலை நிரப்பினால் அதில் ஏறக்குறைய முழுவதும் கறுப்புப் பகுதியாகிவிடும்.

கறுப்புப் பகுதி வீண் என்று சொல்லவில்லை. அங்கே இருக்கும் சில பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவைக் கொண்டு சுவாசிக்கும். ஜியோபாக்டர் என்ற புகழ்பெற்ற இனத்தை 1987ல் டெரிக் லவ்லி அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றுப் படிவிலிருந்துதான் பிரித்தெடுத்தார். கரிமப் பொருளைத் தின்று எலெக்ட்ரானை இரும்பிடம் கொடுப்பது அதன் வழி. சேற்றில் மின்முனைகளைப் புதைத்து மின்சாரம் எடுக்கும் ஆய்வுகள் இதிலிருந்து கிளைத்தவை. அதில் கிடைக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். வீட்டுக் கழிவுநீருக்கு அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் சேற்றிலுள்ள இரும்பு, காற்று வரும்போது துருவாகி, காற்று போகும்போது அந்தத் துருவைக் கொடுத்து அழுக்கைத் தின்ன உதவும் என்பது நமக்குப் பயன்படும் செய்தி. மாறி மாறி நனைத்துக் காயவிட்டால் அந்த இரும்பையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

உங்கள் வாய்க்கால் வண்டல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தொட்டி கட்டும் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று பாட்டில் போதும். வடிகட்டிய சமையலறைத் தண்ணீரை மூன்றிலும் ஒரே அளவு ஊற்றுங்கள். முதல் பாட்டிலில் தண்ணீர் மட்டும். இரண்டாவதில் ஒரு கைப்பிடி வண்டல். மூன்றாவதில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, அதே அளவு வண்டல். மூன்றுக்கும் மீன்தொட்டிக்கு வைக்கிற ஏர் பம்ப்பில் இருந்து குழாய் போடுங்கள். கொதிக்கவைத்த வண்டலில் களிமண்ணின் ஈர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கும், நுண்ணுயிர் பெரும்பாலும் செத்திருக்கும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் நுண்ணுயிரின் வேலை. மூன்றாவதுக்கும் முதலாவதுக்கும் உள்ள வித்தியாசம் களிமண்ணின் வேலை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பம்பை நிறுத்தித் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு, புதுத் தண்ணீரை ஊற்றி மறுபடி ஓட்டுங்கள். நாள் ஆக ஆக மூன்றாவதிலும் நுண்ணுயிர் குடியேறிவிடும். அதனால் முதல் இரண்டு சுற்று முடிவுகளைத்தான் நம்ப வேண்டும்.

எதை வைத்துச் சோதிப்பது? பிஓடி அளக்க ஆய்வகம் வேண்டும். வீட்டில் செய்ய ஒரு பழைய முறை இருக்கிறது. வண்ண மீன் கடையில் மீனின் பூஞ்சைக்கு மருந்தாக மெத்திலீன் நீலம் விற்கிறார்கள். தெளிந்த தண்ணீரைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, லேசாக நீலம் தெரியும் அளவுக்கு ஒரு சொட்டு விட்டு மூடி, இருட்டில் வையுங்கள். அழுக்கு மிச்சமிருந்தால் பாக்டீரியா உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், நீலம் வெளுத்துவிடும். ஒரே நாளில் வெளுத்தால் இன்னும் நிறைய அழுக்கு இருக்கிறது. நாலைந்து நாள் நீலம் நிலைத்தால் தண்ணீர் நன்றாகவே தெளிந்திருக்கிறது. வண்டல் கலங்கிய தண்ணீரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். களிமண் மெத்திலீன் நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறம் போனது அழுக்காலா மண்ணாலா என்று தெரியாமல் போய்விடும்.

களிமண் எதையோ பிடித்துக்கொள்கிறது என்று சொன்னேன் அல்லவா, வண்டலின் இரண்டாவது வேலை அதுதான். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. நேர்மின்னூட்டம் கொண்ட அம்மோனியம் அதில் ஒட்டும். டெல்டாவில் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற கரிய களியில் இந்தப் பிடிப்பு மிக அதிகம். சாதாரணச் செங்களியில் குறைவு. இப்போது படுகையைத் தண்ணீரால் நிரப்பிச் சிறிது நேரம் வைத்துவிட்டு வடித்துவிடுகிறோம் என்று வையுங்கள். நிரம்பியிருக்கும்போது அம்மோனியம் களியில் ஒட்டிக்கொள்கிறது, கரிம அழுக்கு துகள் மேல் படிந்த நுண்ணுயிர்ப் படலத்தில் சிக்குகிறது. வடியும்போது, போகும் தண்ணீரின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே இழுபடுகிறது. பம்ப் எதுவும் இல்லாமலே 50 லிட்டர் தண்ணீர் வெளியேறினால் 50 லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்தக் காற்றில் பாக்டீரியா படலத்தில் சிக்கியதைத் தின்கிறது, ஒட்டியிருக்கும் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களியில் ஒட்டாது. அடுத்த முறை நிரப்பும்போது கரைந்து வந்து, ஆக்சிஜன் இல்லாத மூலைகளில் நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். களியின் பிடிப்பும் காலியாகி அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும்.

முன்பு போட்ட கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். 200 லிட்டரையும் நாலு தவணையாக நிரப்பி வடித்தால் 200 லிட்டர் காற்று உள்ளே வருகிறது. தேவை 185 லிட்டர் அளவுக்குத்தான். வந்த காற்றின் ஆக்சிஜன் முழுவதும் பயன்படாது என்றாலும், தண்ணீர் வடிந்த பிறகு இடைவெளிகள் வழியாகக் காற்று தொடர்ந்து பரவிக்கொண்டே இருக்கும். 1890களில் லண்டனில் டிப்டின் என்பவர் நிரப்பி வைத்து, வடித்து, ஓய்வு கொடுக்கும் இந்த முறையில் படுகைகளை ஓட்டிக் காட்டினார். மின்சாரம் கேட்காத முறை.

ஆனால் நிரப்பி வடிக்க வேண்டுமென்றால் தண்ணீர் வடியக்கூடிய படுகை வேண்டும். வண்டலை மட்டும் நிரப்பினால் வடியாது. நுண்ணிய வண்டலும் களியும் கலந்த மண்ணில், தண்ணீர் தானாக இறங்கும் வேகத்தில், ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் இறங்கினாலே பெரிது. 200 லிட்டருக்கு இருபது சதுர மீட்டர் வேண்டும். அதுவும் முதல் நாள் கணக்கு. சோப்பில் இருக்கும் சோடியம் களித்துகள்களைப் பிரித்துக் கலைத்துவிடும், கலைந்த துகள் இருக்கிற துளைகளையும் அடைக்கும். எண்ணெய் மேலே ஒரு தோலாகப் படியும். சில நாட்களில் அடைத்துக்கொள்ளும் என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான்.

இந்தச் சிக்கலுக்கு ஜப்பானியர்கள் அழகான தீர்வு கண்டார்கள். ஷிமானே பல்கலைக்கழகத்தின் வகட்சுகியும் அவரோடு இருந்தவர்களும் 1990களின் ஆரம்பத்தில் கொண்டுவந்த பல்லடுக்கு மண் முறை அது. மண்ணைப் பரப்பாமல் கட்டிகளாக்கி, செங்கல் சுவர் போல ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை தள்ளி அடுக்கி, கட்டிகளுக்கு இடையில் முழுக்க ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தையோ சிறுகல்லையோ நிரப்புகிறார்கள். தண்ணீர் கல் இடுக்கில் தாராளமாக ஓடும், ஓடும்போதே கட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் போகும். கட்டியின் வெளிப்புறம் காற்றுப் படும், உட்புறம் படாது. இரண்டு வகை நுண்ணுயிருக்கும் அங்கே இடம் கிடைக்கிறது. கட்டியில் ஏறக்குறைய ஏழு பங்கு மண்ணுக்கு மரத்தூள், கரித்தூள், இரும்புத் தூள் ஒவ்வொன்றும் ஒரு பங்கு. கட்டிக்குள் இருந்து கரைந்து வெளியே வரும் இரும்பு, காற்றுப் பட்டுத் துருவாகி, டிடர்ஜென்ட்டிலிருந்து வரும் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். நம் நாட்டில் ஐஐடி பம்பாயில் பேராசிரியர் சங்கர் உருவாக்கிய மண் உயிர்நுட்ப முறையும், நாக்பூரின் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் செடிகளைக் கொண்டு சுத்தம் செய்யும் ஃபைட்டோரிட் முறையும் வேறு வழிகளில் இதே இலக்கை நோக்கிப் போனவை. வாய்க்கால் வண்டலுக்குப் பொருத்தமாக எனக்குத் தோன்றுவது ஜப்பானிய அடுக்குதான்.

உங்கள் வீட்டுக்கு நான் செய்யச் சொல்வது இது. சமையலறைத் தண்ணீருக்கு முதலில் ஒரு சின்ன எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி. உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் தண்ணீருக்குள் முங்கி இருக்க வேண்டும், மேலே மிதக்கிற எண்ணெயை வாரம் ஒருமுறை அள்ளிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. பிறகு எல்லாத் தண்ணீரும் சேர ஒரு டிரம். டிரம்மின் அடியில் வால்வு. காலை, மதியம், மாலை, இரவு என்று நாலு தடவை திறந்துவிட்டால் போதும்.

படுகை மூன்று சதுர மீட்டர், ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக. அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பெரிய ஜல்லி. அதற்குள் துளை போட்ட பிவிசி குழாய், ஒரு முனை வெளியே வடிய, மறுமுனை மேலே காற்று வாங்க நிமிர்ந்து நிற்க. அதன் மேல் அரை மீட்டர் உயரத்துக்குக் கட்டி அடுக்கு. ஜல்லிக்குச் செங்கல் உடைத்துப் போட்டாலும் நன்றாக இருக்கும், நுண்துளை உள்ளதால் நுண்ணுயிர் எளிதில் பிடிக்கும். ஜல்லியிலோ செங்கலிலோ சிமென்ட் தூள், கிரஷர் தூள் ஒட்டியிருந்தால் நன்றாகக் கழுவிவிட்டுப் போடுங்கள். கட்டிக்கு வண்டல், மரத்தூள், கரித்தூள், லேத் பட்டறை இரும்புத் துருவல் நான்கையும் பிசைந்து சிறிய சணல் பைகளில் அடைத்தால் போதும். பட்டறை எண்ணெய் ஒட்டிய துருவலாக இருந்தால் சோப்பு போட்டு அலசி எடுங்கள். சணல் மக்கிப் போனாலும் அதற்குள் கட்டி வடிவம் பிடித்துவிடும். அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு கட்டி என்றால் மொத்தமே 18 கன அடி மண்தான். மண் லாரிக் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, அதில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. கரையில் இருக்கும் குவியலில் இவ்வளவு குறைந்தது கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் நீர்வளத் துறையிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லிவிட்டு எடுப்பது முறை. கட்டி அடுக்குக்கு மேல் ஒரு விரல் நீளத்துக்குச் சிறுஜல்லி, அதற்குள் தண்ணீர் பிரிந்து விழும் குழாய். தண்ணீர் மேலே தெரியவே கூடாது, தெரிந்தால் கொசு வரும்.

எந்த வண்டலை எடுப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். மூடியதிலிருந்து மறுபடி திறக்கும் வரை வாய்க்கால் காயும், தூர்வாருவதும் அப்போதுதான். மே மாத வெயிலில் கரையில் காய்ந்த குவியலின் மேல்மண்ணில் நுண்ணுயிர் பெரும்பாலும் உறங்கிக்கொண்டோ செத்தோ இருக்கும். குவியலின் உள்ளே ஈரமாக இருப்பதை எடுங்கள். மதகடியில் தேங்கிய குட்டை இருந்தால் அதன் ஓரத்துச் சேற்றை ஒரு வாளி சேர்த்துக்கொள்ளுங்கள். தார் போல் கறுத்து நாற்றமடிக்கும் சேறு வேண்டாம். அதற்கே ஏகப்பட்ட ஆக்சிஜன் தேவை, உங்கள் தண்ணீருக்குக் கிடைக்க வேண்டியதையும் அது இழுத்துக்கொண்டு அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் வெளியே விடும். வேறு வழியில்லை என்றால் நிழலில் பரப்பி, ஈரம் காயாமல் கிளறிக் கிளறிப் பழுப்பாகும் வரை வைத்திருந்து பயன்படுத்துங்கள்.

உங்களைப் போலவே இதைச் செய்ய நினைக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா வாய்க்கால் வண்டலும் ஒன்றல்ல. சென்னையில் பக்கிங்காம் கால்வாய்ச் சேறு, திருப்பூர்ச் சாயக்கழிவு ஓடிய நொய்யல் கரை வாய்க்கால்களின் சேறு, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய பாலாற்றுப் பக்கத்துச் சேறு, இவற்றைத் தொடாதீர்கள். களிமண்ணுக்குப் பிடித்துவைக்கும் குணம் இருப்பதால் குரோமியம், ஈயம் போன்றவற்றையும் அது வருஷக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கும். காற்றோட்டமும் ஈரமும் மாறும்போது அவற்றில் ஒரு பகுதி கரைந்து வெளியே வரலாம். நுண்ணுயிரால் உலோகத்தைத் தின்று தீர்க்க முடியாது. சந்தேகமாக இருந்தால் வாய்க்கால் வண்டலை விட்டுவிட்டு, நல்ல தோட்டத்து மண்ணையும் மட்கிய எருவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்லோசிங்கும் மியூண்ட்ஸும் ஊற்றியது தோட்டத்து மண்ணைத்தானே.

சேற்றை அள்ளும்போது ரப்பர் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த கண்ணாடி ஒருபக்கம், எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரா கிருமி ஒருபக்கம், உருளைப்புழு முட்டை ஒருபக்கம். அந்த முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். பாதி அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சோப்பைத் தின்னும் கூட்டம் முதலில் பெருகும், அம்மோனியாவைத் தின்னும் கூட்டம் மெதுவாகத்தான் வளரும். நம் ஊர் வெப்பம் இதற்குச் சாதகம். குளிர்நாடுகளில் பல வாரம் எடுப்பது இங்கே சீக்கிரமே நடக்கும். இந்தச் சமயத்தில் பிளீச்சிங் பவுடர், பினாயில், ஆசிட் எதுவும் இந்தக் குழாயில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஊற்றினால் வாரக்கணக்கான வளர்ச்சி போய்விடும்.

டிடர்ஜென்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோப்புத்தூளில் முக்கியமாக இருக்கும் எல்ஏஎஸ் என்ற பொருள், காற்று இருந்தால் சில நாட்களில் சிதைந்துவிடும். காற்று இல்லாத சேற்றில் ஏறக்குறைய சிதைவதே இல்லை. சாக்கடைத் தேக்கத்தில் நுரை நாள்கணக்கில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். படுகையிலிருந்து வரும் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக் குலுக்கிப் பாருங்கள். நுரை பொங்கி நிற்காமல் உடனே அடங்கினால் உள்ளே காற்று நன்றாக ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் படுகையால் ஆகாதவையும் உண்டு. உப்பு குறையாது. சோடியம் அப்படியே வெளியே வரும். அதனால் வாஷிங் சோடா கலந்த மலிவான தூளைக் குறைத்துக்கொள்வது மண்ணுக்கு நல்லது. கிருமிகள் குறையும், முழுதாகப் போகாது. தெளிந்து, வாடை இல்லாமல் வந்தாலும் அது குடிக்கவோ பாத்திரம் கழுவவோ உகந்த தண்ணீராகிவிடாது. வாழை, தென்னை, கல்வாழை, சேம்பு இவற்றுக்கு வேர்ப்பக்கம் விடலாம். கீரை, தக்காளி, வெங்காயம் என்று பச்சையாகவோ தரையை ஒட்டியோ விளைவதற்கு வேண்டாம். கழிப்பறைத் தண்ணீரை இதில் சேர்க்கவே கூடாது, அது செப்டிக் டேங்குக்கே போகட்டும்.

நிலம் நிறைய இருக்கிற ஊர் என்றால் வேறு வழியும் இருக்கிறது. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில், நகரின் சாக்கடையைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து ஆழமில்லாத மீன் குளங்களில் விடுகிறார்கள். வெயிலில் பாசி விடும் ஆக்சிஜன் அங்கே பாக்டீரியாவுக்குப் போதுமானது. 2002ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். கொல்லையளவு இடத்தில் அதைச் செய்ய முடியாது, கொசுதான் மிஞ்சும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. மேல் ஜல்லியில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தால் உடனே தோண்டிவிடாதீர்கள். இரண்டு வாரம் தண்ணீர் விடாமல் காயவிட்டால் அடைத்திருக்கும் நுண்ணுயிர்ப் படலமும் அழுக்கும் காற்றில் சிதைந்து வழி திறக்கும். இதற்காகவே படுகையை நடுவில் தடுத்து இரண்டாகக் கட்டிவிட்டால், ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றது ஓடும். காயவிட்டும் தேங்கினால் மேல் ஜல்லியை மட்டும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். சில வருஷம் கழித்துக் கட்டிகளை மாற்ற வேண்டி வந்தால், பழைய வண்டலைக் கோடை முழுக்க வெயிலில் பரப்பி வைத்துவிட்டுத் தென்னையைச் சுற்றிப் பாத்தி வெட்டிப் புதைக்கலாம். பிடித்துவைத்த பாஸ்பரஸ் அதில் நிறைய இருக்கும். கீரைப் பாத்திக்கு மட்டும் போடாதீர்கள், உருளைப்புழு முட்டையைப் பற்றி மேலே சொன்னது அதற்கும் பொருந்தும்.